படகு பார்க்கும் படலம்

பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கலாம் என்று முதல் படகைப் பார்க்கப் போனபோது செல்போனைத் தவிர வேறெதையும் நான் கொண்டுபோகவில்லை. 27 அடி நீளம், வெள்ளை உடம்பில் நீலப் பட்டை. உரிமையாளர் நல்ல மனிதர், ஏறியவுடன் காபி கொடுத்தார். பின்பக்கம் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடித்தேன். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவின் மேல் மாலை வெயில் சாய்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் நான் கேட்ட கேள்விகள் மொத்தம் மூன்று. உள்ளே இருக்கும் மேஜை மடங்குமா, அந்த அடுப்பில் தோசை சுட முடியுமா, எப்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

செக் புத்தகம் காரில் இருந்தது. எடுக்க நடந்தபோது மனைவி மெதுவாகக் கேட்டார், "உள்ள ஏதோ வாடை அடிச்சுதே, உங்களுக்குத் தெரியலையா?" எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய், தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டோம். அந்தப் பலகைக்குக் கீழே படகின் அடிவயிறு போல ஒரு பள்ளம் இருக்கும், பில்ஜ் என்பார்கள். அதில் டீசலும் கறுப்புத் தண்ணீரும் கலந்து விளிம்புவரை நின்றது. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பழைய படகைப் பார்க்கும் வேலையில் முக்கால்வாசி வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே முடிந்துவிட வேண்டும் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். சுக்கானைத் தொட்ட பிறகு புத்தி வேலை செய்யாது. எனக்குச் செய்யவில்லை.

நான் ஈரோட்டுப் பக்கத்து ஆள். கடலை முதலில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். மேரிலாந்துக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அனாபொலிஸ் ஊரில் கோடைக்காலப் புதன்கிழமை மாலைகளில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். அலுவலக நண்பர் ஒருவர், ஆள் குறைகிறது வா என்று கூப்பிட்டார். காற்றில் படகு ஒரு பக்கம் சாயும்போது எதிர்ப்பக்க விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் எடைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரியாதை. மூன்று கோடை அப்படிப் போனது. நாலாவது கோடையில் சொந்தப் படகு ஆசை வந்துவிட்டது.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவார். என்ன விலைக்கு மேல் போகக் கூடாது என்பதை அம்மாயியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவார். அங்கே பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பேரம் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான். கூடவே மாடு வாங்கும் எண்ணமே இல்லாத ஓர் ஆளை அழைத்துப் போவார். "ஆசப்படறவன் கண்ணுக்குச் சுழி தெரியாது" என்பது அவர் சொல்லும் காரணம். நீலப் பட்டைப் படகுக்கு அப்புறம் அந்தச் சந்தைதான் அடிக்கடி ஞாபகம் வந்தது.

சரி, இரண்டாவது படகுக்கு வருவோம்.

படகைத் தேர்ந்தெடுக்கும் முன் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். செசபீக் விரிகுடா பார்க்கத்தான் கடல், சராசரி ஆழம் 21 அடிதான். ஓடைகளுக்குள் நுழைந்தால் இன்னும் குறைவு. பாய்மரப் படகின் அடியில் மீன் துடுப்பு மாதிரி கனமான கீல் ஒன்று தொங்கும். படகு கவிழாமல் நிற்பது அதன் எடையால்தான். அது எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு தண்ணீர் வேண்டும். ஆறு, ஏழு அடிக் கீல் இந்த ஊருக்கு ஒத்துவராது. கேட்டலினா 30 என்ற மாடலில் சாதாரணக் கீல் வைத்தது 5 அடி 3 அங்குலம் எடுக்கும், ஆழம் குறைந்த கீல் வைத்ததும் உண்டு. 1970களின் நடுவில் தொடங்கி 2008 வரை 6,400க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நம்மூர் அம்பாசடர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லா நோயும் எல்லோருக்கும் தெரியும், உதிரிபாகமும் கிடைக்கும். முதல் படகு வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் முப்பது, நாற்பது வருடமாகக் கண்டுபிடித்து எழுதிவைத்த கோளாறுகளை இரண்டு வாரம் படித்தேன்.

அப்படித்தான் 'கேட்டலினா புன்னகை' பற்றித் தெரிந்தது. படகை வெளியே தூக்கிப் பார்த்தால், கீலும் உடம்பும் சேரும் இடத்தில் முன்பக்கம் வளைவாக ஒரு விரிசல் சிரிக்கும். பழைய படகுகளில் அந்த இணைப்புக்குள் ஒட்டுப்பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஊறினால் அது நசுங்கும், கீலைப் பிடித்திருக்கும் போல்ட் தளரும், சிரிப்பு பெரிதாகும். எல்லாச் சிரிப்பும் ஆபத்து இல்லை. மேல்பூச்சு மட்டும் விரிந்திருந்தால் போல்ட்டை இறுக்கிப் பூசிவிடலாம். எது எந்தச் சிரிப்பு என்று கண்டுபிடிக்க, உள்ளே பில்ஜில் அந்தப் போல்ட்களின் தலையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் விளம்பரம். 12,500 டாலர், 1986 மாடல், 'நல்ல நிலை'. இருபத்திரண்டு படங்கள். நான் படங்களை எண்ணியதைவிட, இல்லாத படங்களை எண்ணியதுதான் அதிகம். சூரிய அஸ்தமனம் நாலு, மெத்தை ஆறு. இன்ஜின் ஒன்று, அதுவும் இருட்டில். பில்ஜ் ஒன்றுகூட இல்லை. பாய்கள் சுருட்டிக் கட்டியபடியே இருந்தன. இதெல்லாம் குற்றமில்லை, கேட்க வேண்டிய கேள்விகள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன் செய்தேன்.

போனில் கேட்பதில் ஒரு நன்மை உண்டு. எதிரில் காபி இல்லை, வெயில் இல்லை. பாய்மரத்தை நிற்கவைக்கும் கம்பிகளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மேல்தளத்தில், அதாவது டெக்கில், நடக்கும்போது எங்காவது மெத்தென்று இருக்கிறதா? மழை பெய்தால் எங்கே ஒழுகும்? 'ஒழுகுமா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'எங்கே' என்று கேட்டால் யோசித்துப் பதில் வரும். ஏன் விற்கிறீர்கள்? கடைசியாகப் பாய் விரித்து ஓட்டியது எப்போது? படகுத்துறைக்கு வாடகை பாக்கி உண்டா? அப்புறம் இந்தப் பக்கத்துப் படகுகளுக்கே உரிய கேள்வி ஒன்று: 2003 செப்டம்பரில் இசபெல் புயல் வந்தபோது இது எங்கே இருந்தது? அந்தப் புயலில் அனாபொலிஸ் துறைக்குள் கடல் ஏறி வந்தது. மூழ்கி எடுத்த படகுகள் மெத்தை மாற்றி, பெயின்ட் அடித்து, கைமாறிக்கொண்டே இருக்கும். அவர் அப்போது உரிமையாளர் இல்லை, தெரியாது என்றார். நேர்மையான பதில். மேல் அலமாரிகளுக்குள் திருகாணித் தலைகள் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் குறித்துக்கொண்டேன். மழை ஒழுகல் அந்த உயரத்தில் எல்லா அலமாரியையும் ஒரே மாதிரி நனைக்காது, மூழ்கினால்தான் நனைக்கும்.

கம்பி விஷயத்தில் அவர் சொன்னது: "நான் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை." வாங்கி பன்னிரண்டு வருடம். பத்து, பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது, பார்ப்பதற்கு முன்பே விலையிலிருந்து சில ஆயிரம் டாலர் கழிந்தது.

இந்தக் கணக்குதான் மேஜை வேலையின் உயிர். ஒரு தாளை மூன்றாக மடித்தேன். நானே செய்யக்கூடிய கோளாறுகள் ஒரு பத்தி: பம்பு, விளக்கு, கிழிந்த மெத்தை, பளபளப்பு போன டெக். இவற்றுக்காக மனம் தளரவும் கூடாது, விலை குறைக்க ரொம்பப் பேசவும் கூடாது. பணம் கொடுத்துச் செய்ய வேண்டியவை இரண்டாவது: கம்பிகள், பாய், அடிப்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தொகை. மூன்றாவது பத்தியில் நாலே நாலு வரி. டெக் பெரும்பகுதி இத்துப்போயிருந்தால், கீல் போல்ட் அரித்திருந்தால், இன்ஜின் போயிருந்தால், பத்திரம் சரியில்லையென்றால் திரும்பி வந்துவிடு. புது டீசல் இன்ஜின் இறக்கினால் படகின் விலையைத் தாண்டிவிடும். இலவசமாகத் தருகிறேன் என்று இங்கே படகு விளம்பரங்கள் வருவதற்குக் காரணம் இதுதான். ஃபைபர் உடம்பை உடைத்து அப்புறப்படுத்தவே காசு ஆகும், அதை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள்.

தாளின் அடியில் ஒரு தொகை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். மேரிலாந்தின் ஐந்து சதவீதப் படகு வரி, முதல் வருடத் துறை வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகை. அப்புச்சி செய்ததுதான்.

சர்வேயர் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர். இங்கே படகுக்குச் சர்வேயர் உண்டு. அடிக்கு இத்தனை டாலர் என்று வாங்கிக்கொண்டு ஒரு முழு நாள் தட்டி, நோண்டி, ஈரம் அளந்து அறிக்கை தருவார். பழைய படகு என்றால் காப்பீட்டு நிறுவனங்களே அந்த அறிக்கையைக் கேட்கும். அப்படியானால் நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? அவருக்கான கூலியும், படகைக் கிரேனில் தூக்கும் செலவும் சேர்ந்தால் முப்பதடிப் படகுக்கு ஆயிரம் டாலரைத் தொடும். நாலு படகைச் சர்வேயரிடம் காட்டினால் படகு வாங்கும் காசில் மூன்றிலொரு பங்கு போய்விடும். இந்தப் படகுக்கு அந்த ஆயிரத்தைச் செலவு செய்யலாமா என்று முடிவு செய்வது மட்டும்தான் என் வேலை. இது புரிந்த பிறகு பதற்றம் பாதி குறைந்தது.

வாங்கும் எண்ணம் இல்லாத ஆளாக அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் இன்ஜின் அறையில் இருந்துவிட்டு இப்போது பால்டிமோரில் மகள் வீட்டில் இருக்கிறார். பாய்மரப் படகு என்றால் அவருக்கு இளக்காரம்தான். "காத்த நம்பிப் போற பொழப்பு" என்பார். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

பையில் இரண்டு டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி, பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல், மல்டிமீட்டர், கொஞ்சம் பஞ்சு, டிஷ்யூ பேப்பர், முழங்காலுக்கு ஒரு பழைய தலையணை. கறுப்புத் தடம் பதிக்காத ஷூ. அடுத்தவர் டெக்கில் கோடு போட்டுவிட்டு விலை பேச முடியாது.

படகில் ஏறி வணக்கம் சொன்ன ஐந்தாவது நிமிடம் அண்ணாச்சி இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். என் பக்கம் திரும்பித் தமிழில், "தம்பி, வண்டி இப்பவே சுடுது, பாத்துக்கிடுங்க" என்றார். உரிமையாளரிடம் கேட்டேன். "காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நீங்கள் வருகிறீர்களே என்று" எனச் சிரித்தார். நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். ஆனால் டீசல் இன்ஜினின் வயது தெரிவது குளிர்ந்து கிடக்கும்போது எழுப்பினால்தான். எத்தனை சுற்றில் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் தெளிகிறது. நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் எரிபொருள் முழுக்க எரியவில்லை. வெள்ளை நீராவியாகவும் இருக்கலாம், எரியாத டீசலாகவும் இருக்கலாம். சூடான இன்ஜின் இதில் பாதியை மறைத்துவிடும். அதனால் அன்று அதை ஓட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஓட்டாமலே பார்க்க நிறைய இருந்தது. யூனிவர்சல் எம்-25, மூன்று சிலிண்டர், 21 குதிரைத்திறன். உள்ளே இருப்பது குபோட்டா, டிராக்டர் செய்கிற அதே குபோட்டா. எண்ணெய்க் குச்சியை எடுத்து டிஷ்யூவில் துடைத்தார் அண்ணாச்சி. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இது வெறும் கறுப்பு. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். மின்கம்பி இணைப்புகளைப் பார்த்து மட்டும் உச்சுக்கொட்டினார், ஆனால் அது இரண்டாவது பத்திச் சமாசாரம்.

நான் டெக்கில் சுத்தியலோடு உட்கார்ந்தேன். தட்டுவதற்கு முன் அனுமதி கேட்டேன். கேட்க வேண்டும், அது அவர் படகு. ஃபைபர் படகு இத்துப்போகாது என்று நினைத்திருந்தேன். உடம்பு போகாதுதான். ஆனால் டெக் என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்த சாண்ட்விச். மேலே எதையாவது திருகிவைத்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கியது வெளியே வராது. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். நல்ல இடம் 'டக்' என்று திருப்பிக் கேட்கும், கெட்ட இடம் 'தொப்' என்று விழுங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரம் தட்டியதில் முன்பக்க மூடிக்குப் பக்கத்தில், தட்டு அளவுக்கு ஒரு 'தொப்'. யாரோ பிற்பாடு பொருத்திய கொக்கி ஒன்று அங்கே இருந்தது, அடியில் பசை வைத்த அடையாளமே இல்லை. அண்ணாச்சி மேலே வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவனும் இப்படித்தான் தட்டிப் பாப்பான்" என்றார். மரத்தோணியின் பலகை இடுக்குகளை அடைப்பதுதான் கலப்பத்து. அந்த ஒரு வாக்கியத்தில் அவர் இளக்காரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

கம்பிகளில் பஞ்சை ஓட்டினேன். முறிந்த இழை இருந்தால் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெறும் விரலை ஓட்டினால் விரலைப் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கும் பிடிக்கவில்லை. ஆனால் கம்பி வந்து இறங்கும் எஃகுப் பட்டைகள் டெக்கைத் துளைத்துக் கொண்டு உள்ளே போகின்றன, பயம் அங்கேதான். துருப்பிடிக்காத எஃகு என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, காற்று பட வேண்டும். காற்றில்லாத ஈரத்தில் அடைபட்டால் அதுவும் அரிக்கும், வெளியே பளபளத்துக்கொண்டே. உள்ளே இறங்கி இடதுபக்கப் பட்டைக்குக் கீழே டார்ச் அடித்தேன். மரத்தில் பழுப்பாக ஒரு கண்ணீர்க் கோடு. "பழைய ஒழுகல். போன வருடம் அடைத்துவிட்டேன்" என்றார் உரிமையாளர். கையை வைத்தேன், காய்ந்துதான் இருந்தது. பத்து நாளாக மழையும் இல்லை.

மற்றவை வேகமாக முடிந்தன. மேல் அலமாரித் திருகாணிகள் சுத்தம், புயலில் மூழ்கிய படகு இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உடம்பில் போட்ட ஓட்டைகளுக்கான வால்வுகளில் ஒன்று மட்டும் பழைய சக்கரம் திருகும் வகை. அது அசையவே இல்லை. மாற்ற வேண்டும், ஆனால் நூறு, இருநூறு டாலர் வேலை. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிளக் ஒரு முனையில் கருகியிருந்தது. பில்ஜில் கீல் போல்ட்களின் தலையில் லேசான துருத்தூள், துடைத்தால் அடியில் எஃகு முழுசாக இருந்தது. புன்னகை இருக்கிறதா என்று தண்ணீரில் கிடக்கும் படகில் தெரியாது. ஃபைபருக்குள் தண்ணீர் ஊறி அடிப்பக்கம் எழும் கொப்புளங்களும் தூக்கினால்தான் தெரியும். அதற்குத்தான் கிரேன்.

இறங்கும்போது படகின் பின்பலகையில் வலது மூலையில் செதுக்கியிருக்கும் அடையாள எண்ணைப் படமெடுத்தேன். அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து எல்லாப் படகுக்கும் இது கட்டாயம். பன்னிரண்டு எழுத்துகளில் முதல் மூன்று யார் கட்டியது என்று சொல்லும். இந்தக் காலத்துப் படகுகளில் கடைசி இரண்டு எண்கள் மாடல் வருடம். இங்கே 85 என்று இருந்தது, விளம்பரத்தில் 1986. உரிமையாளரிடம் காட்டினேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். பன்னிரண்டு வருடமாக ஒரு வயது குறைத்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். பத்திரத்திலும் 85 என்றே இருப்பதைப் பிறகு பார்த்துக்கொண்டோம்.

அவர் விலை பேச்சை எடுத்தார். அன்று பேச மாட்டேன் என்பதும் மேஜையில் எடுத்த முடிவு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சுக்கான் சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கக் கை அரித்தது. அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "வாங்க தம்பி, பசிக்கி" என்றார்.

அன்றிரவு மூன்று மடிப்புத் தாளை எடுத்து நிரப்பினேன். மூன்றாவது பத்தியில் எதுவும் விழவில்லை, இரண்டு கேள்விக்குறிகள் மட்டும்: இன்ஜின் குளிர்ந்து எழும்புமா, இடதுபக்க ஒழுகல் நின்றதா. இந்த இரண்டுக்கும் சர்வேயர் வேண்டாம். மழை வேண்டும், ஒரு விடிகாலை வேண்டும்.

உரிமையாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "மழைக்கு மறுநாள் காலையில் வந்து பார்க்கலாமா? இன்ஜினைத் தொட வேண்டாம், பில்ஜைத் துடைக்க வேண்டாம், தார்ப்பாய் போட வேண்டாம்." எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று பதில் வந்தது. வியாழன் ராத்திரி மழை என்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, ஆறு மணிக்கே கிளம்பலாம், வெயில் ஏறினால் இன்ஜின் இதமாகிவிடும் என்கிறார்.